கிளச்சுக்குச் சுற்றிய பாய்ச்சீலை

1938 ஆம் ஆண்டு ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை எட்டே முக்கால் மணிக்கு, மல்லாகத்துக்கு இப்பால் தெருவோரத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீர்வேலி வேலாயுதர் மூத்த மகன், காணி உறுதி எழுதும் பிரசித்த நொத்தாரிசு சிவசுப்பிரமணியமாகிய நான் ஒருவன். மலாயா றெயில்வேயில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து பென்சனோடு திரும்பிய என் தம்பி தியாகராசா மற்றவன். எங்கள் தங்கை நல்லம்மாவின் புருஷன் நமசிவாயம், குருநகரில் வள்ளங்களுக்குப் பாய் தைக்கும் சந்தியோகு, அந்த இடத்தில் அப்பக்கடை வைத்திருந்த சிவக்கொழுந்து என்ற பெண்பிள்ளை ஆகியோர் மற்ற மூவர். எங்கள் தகப்பனாராகிய ஐயாவையும் சேர்த்தால் ஆறு. ஐயா வெள்ளைத் துணி கட்டிய ஒரு மண்முட்டிக்குள், என் மடியில் இருந்தார். வேறு எவரும் அங்கே இல்லை. தாமும் நின்றதாகச் சொல்லுகிறவர்கள் பிறகு கேட்டறிந்தவர்கள்.

நாங்கள் அங்கே நின்றதற்குக் காரணம் தியாகராசாவின் கார் நின்றது.

அந்தக் காரை அவன் 1934 இல் வாங்கினான். கப்பலால் கொழும்பில் இறங்கியவன், சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு தேயிலைத் தோட்டத் துரையிடம் அதை வாங்கி, இரண்டு நாளில் ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். 1923 இல் செய்த கார். பந்தயம் ஓடுவதற்கென்று செய்தது. கூரை இல்லை. கதவு ஒரு பக்கம் மட்டும். முன்னே இருவர் இருக்கலாம். பின்னாலுள்ள பெட்டியின் மூடியைத் திறந்தால் இன்னும் இருவர் முழங்கால் முட்ட இருக்கலாம். புகைக்குழாய் காரின் பக்கத்தால் வெளியே நீண்டிருந்தது. அதன் சத்தம் புத்தூர்ச் சந்தியில் கேட்டால் எங்கள் வீட்டில் பால்மாடு எழுந்து நிற்கும்.

நான்கு வருடத்தில் அவன் அந்தக் காரில் தொடாத இடமில்லை. காபைட் விளக்கைக் கழற்றி மின்சார விளக்குப் பூட்டினான். பின் சில்லுகளுக்கு மட்டும் இருந்த பிரேக்கை, கொழும்பில் உடைந்து கிடந்த வேறொரு காரின் அச்சை வருவித்து, முன் சில்லுகளுக்கும் வைத்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு விட்டால் மூன்று மாதத்தில் உள்ளே சுண்ணாம்பு படிந்துவிடும். ஆகவே மாரியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்து அதையே விடுவான். படிந்ததைக் கொறுக்காய்ப்புளி அவித்த தண்ணீரால் கழுவுவான். எங்கள் செம்மண் புழுதி எஞ்சினுக்குள் போகாதிருக்க, காற்று இழுக்கும் வாய்க்கு என் பழைய வேட்டியொன்றைக் கிழித்துக் கட்டியிருந்தான். அது என்னைக் கேளாமல் செய்தது.

எனக்கு அந்த வேலைகள் பிடிக்கவில்லை. உறுதி எழுத வருகிறவர்கள் என் கந்தோர் அறைக்குப் போகும் வழியில், நொத்தாரிசின் தம்பி வண்டில் கொட்டிலுக்குள் மல்லாந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவன் காலை வைத்தே அவன் யாரென்று சொல்லக்கூடிய அளவுக்கு ஊர் பழகியிருந்தது. அப்படி ஒரு நிலை எங்கள் குடும்பத்தில் எவருக்கும் முன்பு ஏற்பட்டதில்லை.

ஐயாவுக்குப் பிடித்திருந்தது. அவருக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. பின்னேரங்களில் கொட்டிலுக்குப் போய், நிற்கிற காரில் ஏறி இருந்து, எஞ்சினை ஓடவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உதிலை ஒருக்காக் கீரிமலைக்குப் போய்த் தோய்ஞ்சு வருவமோ?"

"கூரையில்லாத காரிலை இந்த வயதிலை காத்துக் குடிச்சுக்கொண்டு போனால் ஊர் என்ன கதைக்கும், ஐயா?"

"ஊர் கதைக்கட்டும். நான் காத்தைக் குடிக்கிறன்."

நான் மறுத்துவிட்டேன். தியாகராசாவிடமும், ஐயாவை ஏற்றக்கூடாதென்று சொல்லி வைத்தேன். அவன் என் சொல்லைத் தட்டவில்லை. அடுத்த ஆனியில் ஐயா காலமானார்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்து, அஸ்தியைக் கடலில் கரைப்பது எங்கள் வழக்கம். கொள்ளி வைத்த நான் முட்டியைக் கொண்டு போக வேண்டும். உறவினருக்கு ஒரு பஸ் பேசியிருந்தோம். நானும் அதிலேயே போவதென்றுதான் ஏற்பாடு. அதற்கு ஒரு கிழமை இருக்கும்போது தியாகராசா என் கந்தோர் அறைக்கு வந்து நின்றான். முழங்கைவரை கறுப்பு எண்ணெய்.

"அண்ணை, ஐயா கீரிமலைக்குப் போக ஆசைப்பட்டவர்."

"தெரியும்."

"உயிரோடை போகேல்லை. இப்பவாவது என்ரை காரிலை கொண்டு போவம்."

நான் யோசித்தேன். ஐயா கேட்டதும் நான் மறுத்ததும் இரண்டும் என் நினைவில் இருந்தன. ஓம் என்று சொன்னேன். ஆனால் அஸ்தி போகிற வாகனம் எது, எப்படிப்பட்டது என்று அறியாமல் ஏறுவது எனக்கு வழக்கமில்லை. காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி, ஓர் உறுதியை வாசிப்பதுபோல் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் கிளச்சைப் பற்றி எழுதியிருந்தது.

கிளச் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சில்லுகளுக்குக் கொண்டு போகும் இடம். அந்தக் காரில் அது ஒரு கூம்பு. மிதியிலிருந்து காலை எடுத்தால் கூம்பு எஞ்சினின் சில்லுக்குள் போய் இறுகிப் பிடிக்கும். கார் நகரும். மிதித்தால் விடும். வழுக்காமல் பிடிப்பதற்காகக் கூம்பைச் சுற்றித் தோல் வைத்து ஆணி அறைந்திருப்பார்கள். புத்தகத்தில் அது மாட்டுத்தோல் என்று தெளிவாக இருந்தது. தோல் காயாமல் இருக்க, எருதின் குளம்பை அவித்து எடுத்த எண்ணெயைப் பூசவேண்டும் என்றும் இருந்தது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன்.

"உதிலை நீ என்னத்தைப் பூசுறனீ?"

"ஆமணக்கெண்ணெய் அண்ணை. குளம்பு எண்ணெய்க்கு நான் எங்கை போறது?"

"தோல்?"

"தோல் தோல்தான்."

"மாட்டுத்தோலை மிதிச்சு மிதிச்சோ ஐயாவைக் கொண்டு போகப் போறாய்?"

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "கோயில் மேளத்திலை கட்டியிருக்கிறது என்ன தோல், அண்ணை?"

"மேளத்தை அஸ்திக்குக் கீழை போட்டு மிதிக்கிறதில்லை."

இருக்கைத் தோல்கள் உக்கி, அவனே முன்பு மெழுகுசீலை போட்டுவிட்டதால் அதைப்பற்றிப் பேச்சு எழவில்லை. கிளச்சில் தோல் இருக்கும்வரை நான் ஏறமாட்டேன் என்பதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் அவன் குருநகரிலிருந்து சந்தியோகுவைக் கூட்டி வந்தான். ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்த, கொஞ்சமாகப் பேசும் மனிதன். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அந்தோனியார் சுரூபம். தியாகராசாவின் எண்ணம் இதுதான்: தோலுக்குப் பதிலாகக் கெட்டியான பாய்ச்சீலையை நாலு மடிப்பாகத் தைத்துக் கூம்புக்குச் சுற்றுவது. புதிய கார்களுக்கு நெய்த பட்டிதான் வருகிறதாம். அது எங்கள் காரின் அளவுக்குக் கிடையாது.

கிளச்சை வெளியே எடுப்பதற்குக் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும். அது இரண்டு ஆள் பாரம். தியாகராசா காரைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய், துலாக்கயிற்றில் வாளிக்குப் பதிலாகக் கியர்பொக்ஸைக் கட்டினான். தோட்டத்துக்கு இறைக்கிற இருவர் வழக்கம்போலத் துலாவில் ஏறி நடக்க, அது தண்ணீர் மாதிரி மேலே வந்தது. நான் என் அறை ஜன்னலால் பார்த்தேன். பிழை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

தியாகராசா முதலில் நேரான பட்டியாகச் சீலையை வெட்டிக் கூம்பில் சுற்றிப் பார்த்தான். ஒரு விளிம்பு இறுகியது, மற்ற விளிம்பு தொளதொளத்தது. சந்தியோகு பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, அது நேராய் வெட்டினால் இருக்காது. ஒரு கடதாசி தாருங்கோ."

பழைய பத்திரிகையைக் கூம்பில் சுற்றி, விரல் நகத்தால் விளிம்பைக் கீறி, விரித்து வைத்தான். அது பிறைபோல் வளைந்து கிடந்தது. "பாய் வெட்டுறவனுக்கு உந்த வளைவு கைப்பழக்கம்" என்றான். அந்த வளைவில் நாலு சீலை வெட்டி, தேன்மெழுகு பூசிய நூலால் நெருக்கி நெருக்கித் தைத்தான். வள்ளத்துக்கு அடிக்கிற செப்பாணிகளால் அதைக் கூம்பில் இறுக்கினான். தியாகராசா அளந்து கொடுத்த ஆமணக்கெண்ணெய் இரண்டு கரண்டி பூசினான். அடுத்த நாள் கார் நீர்வேலியிலிருந்து புத்தூருக்குப் போய் வந்தது. தோல் இருந்தபோது கார் குதித்துப் புறப்படும். இப்போது குதிக்கவில்லை என்று தியாகராசா மூன்று தரம் சொன்னான். கீரிமலைக்குப் போகும் நாளில் சந்தியோகுவும் பின்னால் இருந்து வரவேண்டும், ஏதும் ஆணி கழன்றால் அறைந்து தரவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நான் அதை மறுக்கவில்லை.

முதல் நாள் மாலை குருக்கள் வந்து வீட்டைச் சுத்தி செய்துவிட்டு, மீதிப் பஞ்சகவ்வியத்தை ஒரு பித்தளைச் செம்பில் வைத்துவிட்டுப் போனார். பிறகு நமசிவாயம் என்னோடு முற்றத்தில் இருந்தார்.

"மச்சான், தோலைக் கழட்டினது நல்லதுதான். சீலையை விசாரிச்சனீரோ?"

"என்னத்தை விசாரிக்கிறது?"

"குருநகரார் பாய்க்கு என்ன பூசுறவங்கள் எண்டு. சுறா எண்ணெய். தோலாலை தப்பி மீனிலை விழுந்த கதையாய்ப் போகும்."

சந்தியோகுவைக் கூப்பிட்டு ஒரு சொல் கேட்டிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். பாய் தைக்கிறவனிடம் போய், நீ என்ன பூசினாய் என்று நொத்தாரிசு கேட்டு நிற்பது எனக்கு முறையாகப் படவில்லை. தியாகராசாவிடம் கேட்டால் அவன் மேளத்தைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்பான். ஆகவே சீலையை நானே சுத்தி செய்துவிட எண்ணி, விடியப்புறம் எழுந்து, குளித்து, செம்பையும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். காரின் கால்பலகையைத் தூக்கினால் கிளச் தெரியும் என்பது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரியும். பலகையைத் தூக்கி, சிவ சிவ என்று சொல்லி, கூம்பின் மேல் பஞ்சகவ்வியத்தை ஊற்றினேன். கையால் கூம்பைச் சுழற்றி எல்லாப் பக்கமும் படும்படி ஊற்றினேன். பலகையை மூடிவிட்டு வெளியே வந்தபோது படலையடியில் ஆள் நிற்பதுபோல் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் போனேன்.

ஏழரை மணிக்குப் புறப்பட்டோம். பஸ் முன்னே போய்விட்டது. குருக்கள் பத்தரை மணிக்குள் அஸ்தி கரைய வேண்டும், அதன்பின் அன்றைக்கு நேரமில்லை என்று சொல்லியிருந்தார். நாற்பது பேர் அங்கே காத்திருப்பார்கள். கொள்ளி வைத்தவன் பிந்தினால் அதைவிட வேறு பேச்சு அந்த நாற்பது பேருக்கும் ஒரு தலைமுறைக்கு வேண்டியிராது. நான் முட்டியை மடியில் வைத்து முன்னால் இருந்தேன். பின்னால் நமசிவாயமும் சந்தியோகுவும். சந்தியோகுவோடு முழங்கால் முட்டாமல் இருப்பதற்கு நமசிவாயம் புத்தூர்வரை பிரயத்தனப்பட்டார். புத்தூரில் மேற்கே திரும்பியபோது விட்டுவிட்டார்.

சுன்னாகம் தாண்டும்வரை கார் ஓடியது. பிறகு எஞ்சின் உரத்துக் கத்த, கார் மெதுவாகியது. தியாகராசா கியரை மாற்றினான். எஞ்சின் இன்னும் உரத்துக் கத்தியது. கார் இன்னும் மெதுவாகியது. மல்லாகத்துக்குக் கிட்ட, ஓர் அப்பக்கடைக்கு முன்னால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் கார் நின்றுவிட்டது. கால்பலகையின் இடுக்கால் புகை வந்தது.

"வண்டிலிலை வெளிக்கிட்டிருந்தால் இப்ப கீரிமலையிலை தோய்ஞ்சு தலை துவட்டியிருப்பம்" என்றார் நமசிவாயம்.

தியாகராசா எஞ்சினை நிறுத்தி, பலகையைத் தூக்கினான். புகை அடங்கும்வரை பார்த்தான். பிறகு விரலை வைத்து எடுத்தான். விரல் மினுங்கியது.

"சந்தியோகு, இஞ்சை வா. உதுக்கு என்ன பூசினனீ?"

"ஆமணக்கெண்ணெய் ஐயா. நீங்கள் தந்த போத்தில்."

"எவ்வளவு?"

"ரண்டு கரண்டி. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"ரண்டு கரண்டி உப்பிடி வழியுமோ?"

நமசிவாயம் பின்னாலிருந்து இறங்கி வந்தார். "நான் முதலே சொன்னனான். உவங்கள் பாய்க்குச் சுறா எண்ணெய் பூசுறவங்கள். சூடு பட்டவுடனை சீலை உள்ளையிருந்து கக்குது."

சந்தியோகு அவரைத் திரும்பிப் பார்த்தான். "பாய்க்கு எண்ணெய் பூசினால் பாய் கனக்கும் ஐயா. காத்தை வாங்காது. எண்ணெய் பூசுறது வள்ளத்துக்கு. நீங்கள் வள்ளத்திலை ஏறியிருக்கிறியளோ?"

"நான் ஏன் வள்ளத்திலை ஏறுறன்?"

"அதுதான் கேட்டனான்."

அப்பக்கடைப் பெண்பிள்ளை சிவக்கொழுந்து அகப்பையைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து நின்றாள். "ஐயாமார், உந்தச் சாமானைக் கடை வாசலிலை விட்டிட்டு நிண்டால் ஆர் அப்பம் வாங்க வருவினம்? கொஞ்சம் அங்காலை தள்ளுங்கோவன்."

தியாகராசா மணிக்கூட்டைப் பார்த்தான். எட்டே முக்கால். எண்ணெய் நாலு மடிப்புக்குள்ளும் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை என்று அவன் சொன்னான். சீலையை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் கூம்புக்குத் தகரத் துண்டு வைத்து இறுக்கினால், கூம்பு கெட்டாலும், எப்படியாவது கீரிமலைவரை போய்விடலாம்.

"சந்தியோகு, உன்ரை கத்தியைத் தா."

சந்தியோகு கத்தியை மடியிலிருந்து எடுத்தான். கொடுக்கவில்லை.

"நான் தைச்சதை நான் வெட்டமாட்டன் ஐயா. நீங்கள் வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ. வெட்ட முதல் மணந்து பாருங்கோ." அவனே குனிந்து, சீலையில் விரலைத் தேய்த்து மணந்தான். "மீனெண்ணெய் மணம் எனக்குத் தெரியாதெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. உது மாட்டு நெய். பாலும் கிடக்கு."

"நெய் எப்பிடிக் கிளச்சுக்குள்ளை வரும்?" என்றான் தியாகராசா.

சந்தியோகு கார்ச் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். விடியப்புறம் படலையடியில் நின்றவன் அவன்தான் என்று அப்போது எனக்கு விளங்கியது. அவனுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அவன் ஒரு சொல் சொன்னால் பழி அவனை விட்டுப் போகும். அவன் சொல்லவில்லை. நானும் வாய் திறக்காமல் இருந்தால் தியாகராசா சீலையை வெட்டுவான். கார் நொண்டிக்கொண்டு போனாலும் போகும், போகாமல் விட்டாலும் விடும். எப்படியானாலும் பிழை குருநகரானுடையது என்று நாற்பது பேரும் ஒப்புக்கொள்வார்கள். எங்கள் வீட்டுப் பெயருக்கு ஒன்றும் வராது. முப்பத்துநாலு வருடம் பிறர் சொல்லும் சாட்சியத்துக்குக் கீழே என் கையெழுத்தை வைத்திருக்கிறேன். மடியில் ஐயா இருந்தார்.

"சீலையை வெட்டாதை" என்றேன். "உள்ளை ஒண்டும் ஊறேல்லை. விடியப்புறம் நான்தான் ஊத்தினனான்."

"என்னத்தை, அண்ணை?"

"பஞ்சகவ்வியம்."

தியாகராசா காரின் படியில் இருந்துவிட்டான். "எவ்வளவு?"

"அரைச் செம்பு."

"சீலைக்கோ?"

"சுத்தி எல்லாப் பக்கமும்."

நமசிவாயம் தொண்டையைச் செருமினார். சிவக்கொழுந்து அகப்பையைத் தாழ்த்தினாள். "பாலும் தயிரும் நெய்யும் சாணமும் கோசலமும் விட்டால் மோட்டார் என்ன செய்யும்? மாடெண்டால் கண்டுக்குட்டி போடும்" என்றாள்.

தியாகராசா என்னைக் கடிந்து பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சீலையை மறுபடி விரலால் அழுத்திப் பார்த்தான். "அரைச் செம்பு விட்டும் சுன்னாகம் தாண்டி ஓடியிருக்கு. உந்தத் தையலாலைதான். தோலெண்டால் புத்தூரிலை நிண்டிருப்பம்." பிறகு எழுந்தான். "மேலாலைதான் இருக்குதெண்டால் கழுவலாம். பெற்றோலாலை கழுவிப்போட்டு உலர்ந்த தூள் ஏதும் தூவ வேணும். மலாயாவிலை அதுக்கெண்டு ஒரு மண் வரும். இஞ்சை என்ன கிடக்கு?"

தெருவில் செம்மண் கிடந்தது. அதில் பரல் இருக்கும், சீலையை அறுத்துவிடும் என்றான். நமசிவாயத்தின் கண் என் மடியிலிருந்த முட்டிக்குப் போனது.

"மச்சான், அங்காலை பாரும்" என்றேன்.

"நான் என்ன சொன்னனான்? உம்மடை சம்புடத்திலை திருநீறு கிடக்குமெண்டு யோசிச்சனான்."

"கால் மிதிக்கிற இடத்திலை திருநீறு போடுற வழக்கம் எங்கடை வீட்டிலை இல்லை. உங்கடை வீட்டிலை இருந்தால் நல்லம்மாவைக் கேக்கிறன்."

சிவக்கொழுந்துதான் அந்தப் பேச்சை முடித்தாள். "அடுப்புச் சாம்பல் கிடக்கு. சட்டி மினுக்க எடுத்து வைச்சனான். அரிச்சுத் தரட்டோ?"

"அரிச்சுத் தாருங்கோ அக்கா. சீலையாலையும் ஒருக்கா அரியுங்கோ" என்றான் தியாகராசா.

அவள் மா அரிக்கும் அரிதட்டால் ஒருமுறையும், என் தோளிலிருந்த சால்வையை வாங்கி அதனால் இன்னொருமுறையும் அரித்தாள். வெள்ளைச் சால்வை. அதை நான்தான் எடுக்கச் சொன்னேன். முட்டியை நடு வழியில் நிலத்தில் வைக்கக்கூடாதென்பதால் நான் காரிலிருந்து இறங்கவில்லை. கூம்பு ஆறும்வரை கால் மணி நேரம் பொறுத்தோம். பிறகு தியாகராசா பெற்றோலில் தோய்த்த துணியால் துடைக்க, சந்தியோகு கூம்பைச் சுழற்றிக் கொடுத்தான். மூன்று துணி கறுத்து மஞ்சளாய் வந்தது. நாலாவது துணி சுத்தமாக வந்தது. பெற்றோல் பறந்து சீலை உலர்ந்ததும் சாம்பலைத் தூவி, சந்தியோகு அதைத் தையலுக்குள் விரலால் தேய்த்தான். ஒரு தையலும் அவிழ்ந்திருக்கவில்லை. செப்பாணி ஒன்றும் அசைந்திருக்கவில்லை. இதை நானே குனிந்து பார்த்தேன்.

"சந்தியோகு" என்றேன். "நான் நேற்று உம்மைக் கேட்டிருக்க வேணும்."

"ஓம் ஐயா" என்றான் அவன். "கேட்டிருக்கலாம்."

நமசிவாயம் தாமே போய்ப் பின்னால் ஏறி, சந்தியோகுவுக்கு இடம் விட்டு இருந்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தியாகராசா மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தான். கூம்பு ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு பிடித்தது. சிவக்கொழுந்து எங்களுக்குப் பின்னால் எதையோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை.

தெல்லிப்பழைக்கு அப்பால் தெரு வெறிச்சென்று கிடந்தது. தியாகராசா என் பக்கம் பாராமல், "கொஞ்சம் விட்டுப் பாக்கட்டோ அண்ணை?" என்று கேட்டான். நேரத்தை யோசித்து, விடு என்றேன். கடற்காற்று முகத்தில் அடித்தது. என் குடுமி அவிழ்ந்தது. இரண்டு கையும் முட்டியில் இருந்ததால் அதைக் கட்ட முடியவில்லை. அப்படியே போனோம்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கீரிமலையில் இறங்கினோம். காத்திருந்தவர்கள் என் தலையைப் பார்த்தார்கள். குருக்கள் கிரியையைத் தொடங்கினார். பத்தரைக்கு முன் நான் இடுப்பளவு கடலில் நின்று முட்டியைக் கவிழ்த்தேன். திரும்பிப் பார்த்தபோது பஸ்ஸில் வந்தவர்களில் பலர் காரைச் சுற்றி நின்றார்கள். கால்பலகை திறந்திருந்தது. தியாகராசா கிளச்சைக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். கூம்பு முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது.

மாட்டுத்தோல் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. அன்று சுற்றிய சீலை இரண்டு வருடம் ஓடியது. இரண்டாவது சீலைக்கு நானே குருநகருக்குப் போய்ச் சந்தியோகுவைக் கூட்டி வந்தேன். யுத்தம் வந்து பெற்றோல் கூப்பனுக்குக் கிடைக்கத் தொடங்கிய பின் கார் கொட்டிலில்தான் நிற்கிறது. தியாகராசா கிழமைக்கு ஒருமுறை எஞ்சினை ஓடவிடுகிறான். ஆமணக்கெண்ணெய் இரண்டு கரண்டி மாதத்துக்கு ஒருமுறை நான் பூசுகிறேன். அளவு எனக்குத் தெரியும்.

இப்போது 1946 ஆம் ஆண்டு. நமசிவாயம் காலமாகி இரண்டு வருடமாகிறது. அவர் சொல்லிப் பரவியதோ, காரைச் சுற்றி நின்றவர்கள் கூம்பிலே சாம்பலைக் கண்டு தாமே முடிவுகட்டினார்களோ, நான் அறியேன். வழியில் கார் நின்றபோது நொத்தாரிசு தன் தகப்பனின் சாம்பலில் ஒரு பிடி எடுத்து எஞ்சினுக்குள் போட்டு ஓட்டினார் என்று நீர்வேலியிலும் புத்தூரிலும் சொல்லுகிறார்கள். சென்ற மாதம் சுன்னாகத்தில் ஒருவர் என்னிடமே கேட்டார். அது அடுப்புச் சாம்பல். சிரட்டையும் பொச்சுமட்டையும் எரித்தது. கொடுத்தவர் மல்லாகம் சிவக்கொழுந்து. முட்டியின் துணிக்கட்டை நான் கீரிமலையில்தான் அவிழ்த்தேன்.